சீனி டின் எங்கே இருக்கிறது

சுங்கை பினாங்,
26.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம். மழைக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்கத் தண்ணீர்மலையான் துணை.

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பியதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். அறுபது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறாய், வந்தவர்கள் முப்பத்துச் சொச்சம். அதைக்கூட நீ பெரிதாகச் சொல்லவில்லை. வந்தவர்கள் சோபா நுனியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகள் அங்பாவ் காசு வாங்கிக்கொண்டதும் அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லும்போதுதான் உன் குரல் கம்மியது. "நம்ம பழைய வீட்ல ஒழுகுற கூரை, கால் ஆடுற நாற்காலி. போங்கன்னு சொன்னாலும் போக மாட்டாங்களேக்கா. என் வீட்ல என்ன குறை?" என்று கேட்டாய்.

போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

ஜூன் மாதம் உன் வீட்டில் ஆறு நாள் இருந்தேன். அழகான வீடு. இருபத்தொன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் சிங்கப்பூர் வெளிச்சம் தெரிகிறது. நீ சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நுழைந்ததும் என் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வெள்ளைத் தரையில் பஸ்ஸில் உருண்டு வந்த பையை வைக்க மனசு வரவில்லை. மறுநாள் விடிகாலையில் நீ எழுந்திருக்கும் முன் தேத்தண்ணி போடலாமென்று அடுப்படிக்குப் போனேன். உன் அலமாரிகளுக்குக் கைப்பிடியே இல்லை. எது கதவு, எது சுவர் என்று தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். ஆறு நாளும் நீதான் கலக்கிக் கொடுத்தாய். உன் வீட்டில் சீனி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. நான் கிழவி, பழகிக்கொள்வேன். என் நெஞ்சில் தங்கியது வேறொன்று. மூன்றாம் நாள் சாயங்காலம் சின்னவன் பள்ளிக்கூடப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டான், "அம்மா, இங்க உட்காரலாமா?" அவன் சொந்த வீட்டுச் சோபாவை, பாப்பா. நீ "கால் கழுவினியா?" என்று கேட்டாய். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளையும் வேலை விட்டு வந்தால் நேரே அறைக்குள் போய்விடுகிறார். வீட்டுக்காரர்களே விருந்தாளி மாதிரி ஒடுங்கி இருக்கும் வீட்டில், வந்த விருந்தாளி எப்படிக் காலை நீட்டுவான்?

இதைச் சொல்லிவிட்டு, நம் பழைய வீட்டைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருப்பதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். நீ கடைக்குட்டி. உனக்கு விவரம் தெரிந்தபோது எல்லாம் ஓரளவு சீராகிவிட்டது. நான் பார்த்தது வேறு.

நடிகர் பி. ரம்லி பிறந்த வீடு இருக்கிற சாலைக்குப் பின்னால், நம் பலகை வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1969இல் பினாங்குக்கு இருந்த சுங்கவரியில்லாத துறைமுகம் என்ற தகுதியை எடுத்த பிறகு, கப்பல் குறைந்து, வேலை நாளும் குறைந்தது என்பார். வேலைதான் குறைந்ததே தவிர, அவர் வீட்டுக்குக் கூட்டி வரும் ஆட்கள் குறையவில்லை. கூடச் சுமை தூக்கியவர், ஊரிலிருந்து புதிதாக வந்தவர், சம்பளம் வாங்காமல் நிற்பவர் என்று யாராவது ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வருவார். அப்பா வாசலிலிருந்தே, "இன்னொரு தட்டு வை" என்பார். எல்லாரும் அப்பாவைத் தாராள மனசுக்காரர் என்றார்கள். அரிசியை எண்ணி எண்ணிப் போட்டவள் அம்மா.

அம்மா எந்த விருந்திலாவது உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவாள். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்தக் கண்ணாடி அலமாரிதான். தவணைக்காரரிடம் மாதாமாதம் கட்டி வாங்கிய ஆறு பீங்கான் கோப்பைகள், ரோஜாப்பூப் போட்டு, விளிம்பில் தங்கக் கோடு. பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்திருந்தாள். அப்பா யாரைக் கூட்டி வந்தாலும் மங்கில்தான் தேத்தண்ணி. அந்தக் கோப்பையை எடுக்கவே மாட்டாள். சின்ன வயதில் அம்மாவைக் கஞ்சமென்று நினைத்தேன். இப்போது புரிகிறது. அந்த வீட்டில் அவள் "முடியாது" என்று சொல்ல முடிந்த ஒரே இடம் அது.

அதனால், பழைய வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தோம் என்று கற்பனை பண்ணிக்கொண்டு, இன்றைய உன் வீட்டை அதோடு ஒப்பிட்டு வருந்தாதே. அந்த வீட்டின் சூடு ஒருத்தி முதுகை எரித்து வந்தது. எனக்கும் அது வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

எனக்கு இதில் புத்தி வந்தது ஒரு வெள்ளத்தில்.

வெள்ளத்துக்கு மலாயில் பாஞ்சிர். பினாங்குக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வாயூறும். நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் சோறு முழுகும்படி ஊற்றச் சொல்ல அதுதான் வார்த்தை. சுங்கை பினாங்கில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் கால் கூசும். அருவிப் பக்கமிருந்து வரும் ஆறும், ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஆறும் ஒன்றாகிக் கடலுக்குப் போகிற கடைசி வழி நம்முடையது. மலையில் பெய்வதெல்லாம் நம் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடலும் ஏறியிருந்தால், ஆறு வேறு எங்கே போகும்? வீட்டுக்குள் வரும்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. உனக்கு நினைவிருக்கும். நீ ஜொகூரிலிருந்து விடாமல் போன் அடித்தும் லைன் கிடைக்கவில்லை என்றாயே, அந்த ராத்திரி. மழையோடு காற்றும் சேர்ந்து மரங்களைச் சாய்த்தது. எங்கள் அடுக்குமாடியில் கரண்டு போய்விட்டது. கீழ்வீடுகளில் தண்ணீர் முட்டிவரை ஏறியதும், அத்தான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் நாலாவது மாடியில் நின்று, "பார்த்து, பார்த்து" என்று கத்தினேன். அரைமணி கழித்து ஒன்பது பேரோடு ஏறி வந்தார். கீழ்வீட்டு மக்சிக்கும் அவள் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். பக்கத்துச் சீன அங்கிளும் ஆன்ட்டியும். பின்னால் வாடகைக்கிருந்த வங்காளதேசப் பையன்கள் மூன்று பேர். அப்பா கூட்டி வந்த மாதிரியேதான். எனக்கு அந்த நிமிடம் அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

என் வீட்டை உனக்குத் தெரியும். கூடத்தில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் சுவரோடு ஒட்ட வேண்டும். தீபாவளி முடிந்து இரண்டரை வாரம். திரைச்சீலை அழுக்கு. மடிக்காத துணி நாற்காலியில் மலையாகக் கிடந்தது. வெட்கப்படக்கூட நேரமில்லை.

அந்தப் பையன்கள் மூவரும் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார்கள். "மாசோக், மாசோக்" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். சிரித்தார்களே தவிர அசையவில்லை. அடுத்த வீட்டுத் தரையை நனைக்கக் கூச்சம். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? ஆள் படுக்க இடம் பண்ணுவதற்காக அலமாரியை நகர்த்தப் போனவர், திரும்பிப் பார்த்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பிடி" என்று தமிழிலேயே சொல்லிக் கையைக் காட்டினார். அடுத்த நிமிடம் மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். "வாங்க" என்று கூப்பிட்டு வராதவர்கள், "பிடி" என்றதும் வந்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பல நாள் கழித்துத்தான் அது மனசில் விழுந்தது.

சீன அங்கிள் வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒன்றே ஒன்று. துண்டில் சுற்றிய குவான் யின் சிலை. எங்கே வைப்பதென்று கையில் ஏந்திக்கொண்டு நின்றார். நம் சாமி மேடையில் மாரியம்மன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் காட்டினேன். மக்சிக் தொழுகைத் துணியோடு நின்று, கிப்லாட் எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஹோட்டல் அறைக் கூரையில் அம்புக்குறி ஒட்டியிருக்குமே, அது என் வீட்டில் ஏது? சூரியன் விழுகிற பக்கம் பார்த்து நின்று, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பு என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். பின் அறையில் பாய் விரித்துத் தொழுதுவிட்டு வந்தவள், அடுப்படியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைக் கேட்டாள். கேஸ் அடுப்பு இருந்தது, பிழைத்தோம். நான் அரிசி களைந்தேன். அவள் வெங்காயம் உரித்தாள். சார்டின் டின்னின் ஹலால் முத்திரையை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திறந்து கொடுத்தாள். ஆன்ட்டி அலமாரியை ஒவ்வொன்றாகத் திறந்து சீனி டின்னைக் கண்டுபிடித்து, கோப்பி கலந்தாள். நான் எழுந்திருக்கவே இல்லை. என் வாழ்க்கையில் பதினோரு பேருக்குச் சமைத்து, அலுக்காமல் படுத்தது அன்றைக்கு மட்டும்தான்.

கோப்பை போதவில்லை. அம்மாவின் கண்ணாடி அலமாரி என் கூடத்தில்தானே நிற்கிறது. திறந்தேன். முதல் தடவையாக அந்த ரோஜாப்பூக் கோப்பைகளில் சூடான கோப்பி இறங்கியது. மக்சிக்கின் பேரன், ஐந்து வயது, ஒன்றைக் கை தவறிப் போட்டான். வீடே வாயடைத்துப் போனது. பிள்ளை விம்ம ஆரம்பித்தான். அம்மா காதில் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்ல, இன்னும் அஞ்சு இருக்கு" என்றேன். அத்தானும் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஐந்தும் இன்றுவரை தினமும் புழங்குகிறது.

விடியும் முன்பே ராணுவ உதவி கேட்டிருப்பதாகச் செய்தி வந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் கீழே இறங்கினோம். சேறு, பாப்பா. கணுக்கால் அளவுக்குச் சேறு. மக்சிக்கின் குளிர்ப்பெட்டி குப்புறக் கிடந்தது. அந்தப் பையன்கள் அதை நிமிர்த்தினார்கள். நான் அவள் சமையலறையை வழித்தேன். அவள் அங்கிள் வீட்டுச் சுவரைக் கழுவினாள். மூன்று நாள் இப்படியே போனது. அதற்குப் பிறகு எங்களுக்குள் யார் வீடு யாருடையது என்ற கூச்சம் போய்விட்டது.

போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அத்தான் போன அன்றைக்கு. நீ விமானம் பிடித்து வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அதற்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பி வந்துகொண்டே இருந்தது. நாற்காலி வந்தது. என்னை யாரும், "அக்கா, சீனி எங்க?" என்று ஒரு தடவை கேட்கவில்லை. மக்சிக்குக்குத் தெரியும், ஆன்ட்டிக்குத் தெரியும். அன்றைக்கு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. என் அடுப்படி எனக்கே மறந்திருந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவிருந்தது.

பாப்பா, வீடு என்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் வீட்டில் சீனி டின் எங்கே இருக்கிறது என்று உன்னைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த எண்ணிக்கைதான் கணக்கு. அறுபது பேருக்குச் சாப்பாடு சொன்ன கணக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழாசிரியர் ஒரு தடவை சொன்னார். விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருளாம். புதிதாக வருபவர்தான் விருந்து. சாப்பாடு என்ற அர்த்தம் அப்புறம் ஏறியது. நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். புதிதாக வந்தவரைப் புதியவராகவே உட்கார வைத்து, தட்டு நிறையப் போட்டு, புதியவராகவே அனுப்பி வைப்பது பாதி வேலைதான். அவரைப் பழையவராக்க வேண்டும். அதற்குச் சாப்பாடு மட்டும் போதாது. கையில் ஒரு வேலை வேண்டும்.

தைப்பூசத்தில் பார்த்திருக்கிறாயே. வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். தமிழர் போட்ட பந்தல், சீனர் போட்ட பந்தல் என்று வித்தியாசமே இல்லாமல் வரிசையாக நிற்கும். அப்பா நம்மை ஒரு பந்தலுக்குக் கூட்டிப் போவார். தாகத்துக்கு வந்து கை நீட்டும் பையன், ஒரு கோப்பை மோரைக் குடித்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்பான். யாரும் அவனை நியமிக்கவில்லை. ஆள் போதவில்லை என்று பார்த்தான், வந்துவிட்டான். அந்தப் பந்தலில் ஆள் போதாமல் இருந்ததுதான் அதன் அழகு. நீ உன் தீபாவளிக்கு எல்லாம் போதும் போதுமென்று ஏற்பாடு பண்ணிவிட்டாய். சமைக்க ஆள், பரிமாற ஆள், தட்டெடுக்க ஆள். வந்தவர்களுக்குச் செய்ய என்ன மிச்சம்? சோபா நுனியும் கைப்பேசியும்தான்.

சரி, அறிவுரை போதும். செய்ய முடிந்ததாகச் சில சொல்கிறேன். ஒன்றுக்கும் பெரிய செலவில்லை.

பண்டிகைக்கு ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடுவதற்குப் பத்திரிகைக்காரர்கள் திறந்த இல்ல உபசரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டிலோ காவலாளி அடையாள அட்டை கேட்கிறார், மின்தூக்கிக்கு அட்டை தேவைப்படுகிறது, அதற்கப்புறம்தான் கதவு. அதை நீ மாற்ற முடியாது. ஆனால் யார் வந்தாலும் கீழே இறங்கிப் போய்க் கூட்டி வா. நீ போக முடியாவிட்டால் சின்னவனை அனுப்பு. அவனுக்கு அது பெரிய உத்தியோகம். ஊரில் தாத்தாவுக்குத் திண்ணை இருந்தது. பினாங்கு கடைவீடுகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதை இருக்கிறது, மழைக்கு ஒதுங்கியவன்கூட அங்கே நின்று கடைக்காரரோடு பேசிவிடுவான். எனக்கு நடைபாதையில் ஒரு சின்ன பெஞ்சு இருக்கிறது, கிரில் கதவைப் பகலில் பூட்டுவதில்லை. உனக்கு அது எதுவும் இல்லாததால், வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் இருக்கிற அந்த இடமாக நீதான் நிற்கவேண்டும்.

வாசலுக்குப் பக்கத்தில் பை மாட்ட நாலு ஆணி, குடை வைக்க ஒரு வாளி. வயசானவர்கள் செருப்பைக் கழற்றும்போது பிடித்துக்கொள்ள ஒரு முக்காலி. உன் சோபாவில் உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது. கைவைத்த கெட்டி நாற்காலி ஒன்று போடு. தண்ணீர்க் கூஜாவையும் கோப்பைகளையும் கண்ணில் படுகிற இடத்தில் வை. தாகமெடுத்தவர் உன்னைக் கூப்பிடாமல் குடிக்கட்டும். தங்க வருகிறவர்களுக்கு ஒரு கைலியும் ஒரு துண்டும் துவைத்து மடித்துத் தனியாக வைத்திரு. ராத்திரி அந்த வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு, மஞ்சளாக ஒன்று போடு. வெள்ளை வெளிச்சத்தில் எல்லாரும் டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் மாதிரி இருக்கிறோம்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். யாருக்கு எது ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்து வை. எங்கள் மக்சிக்குக்காகவே ஒரு குவாலியும் ஒரு சட்டியும் தனியாக வைத்திருக்கிறேன். கோழி எந்தக் கடையில் வாங்கினேன் என்று அவள் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுவேன். அங்கிள் குவான் யினைக் கும்பிடுகிறவர், மாட்டிறைச்சி தொடமாட்டார். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். இதை நினைவில் வைத்துக்கொண்டால், பத்து வகை சமைக்க வேண்டியதில்லை. ஒரு பருப்பும் ஒரு சம்பாலும் போதும்.

அடுத்த தடவை ஆள் வைத்துச் சமைக்காதே. எல்லாவற்றையும் முடித்துவைக்கவும் செய்யாதே. பப்படம் பொரிக்காமல் விட்டுவை, வெள்ளரிக்காயை நறுக்காமல் விட்டுவை. வருகிறவள், "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பாள். நீ வழக்கம்போல், "ஐயோ வேண்டாம், நீங்க உட்காருங்க" என்பாய். அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு கத்தியைக் கொடு. பேச்சு தானாக வரும். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் வராத பேச்சு, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வந்துவிடும். மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை கொடு. அவருக்கு மீன் நன்றாகப் பொரிக்க வருமே. கலியாணமான புதிதில் நம் வீட்டில் பொரித்தார். உன் புது அடுப்படியில் எண்ணெய் தெறிக்குமென்று அவரை நீ விடுவதில்லை என்று ஜூன் மாதம் என்னிடம் சொன்னார். இதைச் சொன்னதாக அவரிடம் கேட்காதே.

எல்லாருக்கும் வேலை கொடு என்றும் நான் சொல்லவில்லை. சிலர் அலுத்து வருவார்கள். சிலர் துக்கத்தோடு வருவார்கள். அவர்களை விட்டுவிடு. ஒரு தலையணையைக் கொடுத்து, கேள்வி கேட்காமல் இருப்பதும் உபசாரம்தான். கைக்குழந்தைக்காரிக்கு அறைக் கதவைச் சாத்திக் கொடுத்தால் போதும். உனக்கே முடியாத நாளில், "இன்னைக்கு முடியலை, நாளைக்கு வாங்க" என்று சொல்லவும் பழகு. அம்மாவுக்கு அதைச் சொல்ல வாய் இல்லாமல், கோப்பையைப் பூட்டி வைத்தாள். நீ வாய்விட்டுச் சொல்லலாம். அப்படிச் சொல்ல முடிந்த வீட்டுக்குத்தான் ஆட்கள் பயமில்லாமல் வருவார்கள்.

அந்த வெள்ளைச் சோபாவைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். உன் ஆறு மாதச் சம்பள மிச்சம் அது என்று எனக்குத் தெரியும். தூக்கிப் போடச் சொல்லவில்லை. துவைக்கிற மாதிரி ஒரு பருத்தித் துணி வாங்கி மேலே விரி. இல்லாவிட்டால் அம்மாவின் பழைய புடவை இரண்டு என்னிடம் இருக்கிறது, தைத்துத் தருகிறேன். கறை பட்டால் பட்டதுதான். முதல் கறையைச் சின்னவன் போடட்டும்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நான் வருகிறேன். சுங்கை நிபோங்கில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை உன் வாசலில் இருப்பேன். எனக்காகத் திரைச்சீலை துவைக்காதே. அலமாரிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லவில்லை, தெரியாவிட்டால் எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொள்கிறேன். நீ எழுந்திருக்க வேண்டாம். தூங்கு. எழுந்து வரும்போது தேத்தண்ணி ஆறாமல் இருக்கும். சின்னவனைச் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு டிவி பார்க்கச் சொல். அவன் காலடியில் உட்கார்ந்து நான் வெங்காயம் உரிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு: பக்கத்து வீட்டுத் தம்பி ஜொகூர் வருகிறான். அவனிடம் மிளகாய்த்தூளும் கொஞ்சம் நெய் உருண்டையும் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புகிறேன். காவலாளியிடம் வாங்கிக்கொண்டு அவனைக் கீழேயே அனுப்பிவிடாதே, மேலே கூப்பிடு. தூக்குச்சட்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பாதே. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்பு.